ட்ரெய்லர் யாருடைய பெயரில்?



அடுத்த ரமளான் தொடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று எண்ணியிருந்த ஒன்றை இப்போது எழுதுகிறேன். மார்க்கச் சட்டம் சொல்லும் தகுதி எனக்கில்லை. வாகன உதிரிபாகங்களை வடிவமைக்கும் பொறியாளன் நான். அந்தத் தொழிலில் இருந்துகொண்டே இப்படியொரு தவற்றைச் செய்தேன் என்பதால் எழுதக் கூச்சமாக இருக்கிறது. அதனாலேயே எழுதாமல் விடவும் முடியவில்லை.

மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகருக்கு மேற்கே கேன்டன் என்னும் ஊரில் பதினான்கு ஆண்டுகளாக வசிக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் எங்களைப் போன்ற தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் சில உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் என்று ஊர்கள் வேறு வேறாக இருந்தாலும், ரமளான் வந்துவிட்டால் எல்லாருக்கும் ஒரே ஏக்கம்தான்: நோன்புக் கஞ்சி. வாரக் கடைசியில் ஏதேனும் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக் கஞ்சி காய்ச்சி, ஒன்றாக நோன்பு திறந்து, தராவீஹ் தொழுதுவிட்டுப் பிரிவோம். அதற்கு இரண்டு பெரிய தேக்சாக்கள், அடுப்பு, எரிவாயு உருளை, மடக்கு மேசைகள், நாற்காலிகள், பாய்கள் எல்லாம் வேண்டும். இவை எந்தக் காரிலும் அடங்கமாட்டா.

அதற்காகத்தான் அந்த ட்ரெய்லர். ஐந்தடி அகலம், எட்டடி நீளம். கம்பி வலைப் பக்கங்கள், பின்புறம் இறக்கிவிடும் கதவு, ஓர் அச்சு, இரண்டு சக்கரம். அமெரிக்காவில் பாதி வீடுகளின் கொல்லையில் புல்வெட்டும் இயந்திரத்தோடு நிற்குமே, அதே வகை. அதிராம்பட்டினத்துச் சகோதரர் ஒருவர் தம் சொந்தப் பணத்தில் அதை வாங்கி வைத்திருந்தார். டெக்சாஸ் மாநிலத்து டல்லஸ் நகரில் வேலை கிடைத்துக் குடிபெயர்ந்தபோது, என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். "காக்கா, இது அல்லாஹ்வுக்காக. விற்க வேண்டாம். கஞ்சிக்கு ஆகட்டும்" என்றார். ஜஸாகல்லாஹ் சொல்லி வாங்கிக்கொண்டேன். ஒரு தாளும் கைமாறவில்லை. பின்புறத்தில் அவருடைய நம்பர் பிளேட் அப்படியே இருந்தது.

மிச்சிகன் வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். இந்த மாநிலத்தில் ட்ரெய்லருக்குக் கொடுக்கும் நம்பர் பிளேட் நிரந்தரமானது. காருக்கு இருப்பதுபோல ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியதில்லை. ஒருமுறை பணம் கட்டினால் போதும். ஆனால் அது வாகனத்தோடு அடுத்தவருக்குப் போகாது. உரிமையாளர் மாறினால் அந்தப் பிளேட்டின் கதை முடிந்தது. புதியவர் தம் பெயரில் புதிதாகப் பெற வேண்டும். வெற்றெடை 2,500 பவுண்டுக்குக் குறைந்த ட்ரெய்லர்களுக்கு உரிமைப் பத்திரம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. பதிவுச் சீட்டு ஒன்றே சான்று. இவ்வளவு எளிதாக்கி வைத்திருப்பதே எங்களுக்கு வினையாயிற்று. காலாவதி நாள் அச்சிட்ட ஒட்டுவில்லை இருந்திருந்தால் ஆண்டுக்கு ஒருமுறையாவது அது எங்களை உறுத்தியிருக்கும். உறுத்த ஒன்றுமில்லாததால் இரண்டு ஆண்டுகள் அவர் பெயரைச் சுமந்த வண்டியை நாங்கள் இழுத்துத் திரிந்தோம்.

2023ஆம் ஆண்டு ரமளான். ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. முந்தைய இரவு ஃபார்மிங்டன் ஹில்ஸில் இஃப்தார் நடந்தது. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்திருந்தோம். அவற்றை ஏற்றிவர நான் மட்டும் போனேன். ஸஹருக்குப் பிறகு தூங்கியிருக்கவில்லை. தேக்சாக்களை நைலான் கயிற்றால் கட்டினேன். மேசைகளை அடுக்கினேன். மேசைகளின்மேல் அலுமினிய மூடி ஒன்றை வைத்தேன். மூன்றடி விட்டம் இருக்கும். கையால் தூக்கினால் கனமாகவே இருந்தது. அந்தக் கனமே போதும் என்று விட்டுவிட்டேன்.

நெடுஞ்சாலை 275இல் தெற்கு நோக்கி வந்தேன். மிச்சிகனில் பனிக்காலம் முடிந்த கையோடு சாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: விரிசலில் இறங்கிய நீர் உறைந்து, உருகி, மறுபடி உறைந்து தார்ச்சாலையையும் சிமெண்டுச் சாலையையும் ஒருசேரப் பெயர்த்துவிட்டிருக்கும். ஒரு பள்ளத்தில் ட்ரெய்லர் எகிறியது நினைவிருக்கிறது. கண்ணாடியில் பார்த்தேன். தேக்சாக்கள் இருந்தன. அவ்வளவுதான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து இறக்கும்போது மூடியைக் காணவில்லை. மண்டபத்திலேயே விட்டுவிட்டோம் போலும் என்று அங்கே சாவி வைத்திருந்த சகோதரருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "பார்க்கிறேன் காக்கா" என்றார். அவர் திரும்ப அழைப்பதற்குள் தூங்கிப்போனேன். நோன்பு நேரத்துத் தூக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமையில் நான் அதிகம் வெட்கப்படுவது அந்தத் தூக்கத்துக்காகத்தான்.

மூன்றாம் நாள் மாலை டல்லஸிலிருந்து அழைப்பு வந்தது. ஸலாம் சொன்ன குரலே சரியாக இல்லை.

"காக்கா, ட்ரெய்லரை யாராவது திருடிவிட்டார்களா?"

இல்லை, வாசலில்தான் நிற்கிறது என்றேன்.

சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார். அவருடைய பழைய முகவரிக்குக் காவலர் ஒருவர் போயிருக்கிறார். இப்போது அங்கே குடியிருப்பவர் அறிமுகமானவர் ஆகையால் எண்ணைக் கொடுத்திருக்கிறார். காவலர் அழைத்து, இந்த எண்ணுள்ள ட்ரெய்லரிலிருந்து விழுந்த பொருள் பின்னால் வந்த காரின் முன்கண்ணாடியை உடைத்துவிட்டது, வண்டி நிற்காமல் போய்விட்டது, உரிமையாளர் நீங்கள்தானா என்று கேட்டிருக்கிறார். அவருக்கு அமெரிக்கக் குடியுரிமை நேர்காணல் ஆறு வாரத்தில் இருந்தது. காவல்துறை உங்கள்மீது எப்போதேனும் குற்றச்சாட்டுச் சீட்டு எழுதியதுண்டா என்று கேட்கும் விண்ணப்பம் அது. பதினொரு ஆண்டுகள் வேகவரம்பைக்கூட மீறாமல் ஓட்டியவர். "நான் மிச்சிகனில் இல்லையே என்று சொன்னேன் காக்கா. பிறகு ஏன் உங்கள் பெயரில் இருக்கிறது என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை" என்றார். என்னைக் குறை சொல்லும் சொல் ஒன்றுகூட அவர் வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றே காவல் அதிகாரியை அழைத்து, ஓட்டியவன் நான் என்று சொன்னேன். மறுநாள் வந்தார். பண்பாகவே நடந்துகொண்டார். ட்ரெய்லரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது உங்களுடையதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நண்பருடையதா?" இல்லை, அவர் கொடுத்துவிட்டார் என்றேன். "யாருக்குக் கொடுத்தார்?" எங்கள் எல்லாருக்கும் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பதிலை எழுதுவதற்கு அவருடைய படிவத்தில் கட்டம் இல்லை. சுமையைச் சரியாகக் கட்டாததற்கும் பிளேட்டுக்கும் சீட்டுக் கொடுத்தார், என் பெயரில்தான். அவர் மேலும் கடுமையாக நடந்திருக்கலாம். நடக்கவில்லை.

காரை ஓட்டிவந்தவர் மருத்துவமனையில் இரவுப்பணி முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி. மிச்சிகன் சட்டப்படி அவரவர் வாகனச் சேதத்தை அவரவர் காப்பீடே பார்த்துக்கொள்ளும். தவறிழைத்தவரிடமிருந்து ஓர் அளவுவரைதான் கேட்டுப் பெறலாம். அந்தக் கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம், முழுத்தொகையையும் நானே தருகிறேன் என்று அதிகாரி மூலம் கேட்டுக்கொண்டேன். அவர் ஒத்துக்கொண்டார். காசோலையோடு போனபோது உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலிலேயே நின்று பேசினார். "முதலில் பெரிய பறவை என்று நினைத்தேன்" என்றார். பிறகு, "என் இடப்பக்கத் தடத்தில் வண்டி ஏதும் இல்லை. அதனால்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார். கோபமாகச் சாத்தவில்லை.

பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்பதை எழுதப் படிக்கத் தெரியுமுன்பே மதரஸாவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். காயல்பட்டினத்துத் தெருவில் முள்ளைக் கண்டால் உம்மா காலால் ஒதுக்கிவிட்டு, "நன்மை" என்று மட்டும் சொல்வார்கள். அந்த நபிமொழியை எத்தனையோ முறை மேடையில் நானே எடுத்துச் சொல்லியிருக்கிறேன். பாதையில் இடையூற்றைப் போடுகிறவன் யார் என்று ஒருமுறையும் யோசித்ததில்லை. யாரோ பொறுப்பில்லாதவன், நம்மைப் போன்றவனல்ல என்றுதான் மனத்தில் ஒரு படம் இருந்தது. கஞ்சிப் பாத்திரத்தோடு, நோன்போடு, காரில் குர்ஆன் ஓத்தை ஒலிக்கவிட்டுக்கொண்டு போனவன் அந்தப் படத்தில் இல்லை.

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்க வாகனச் சங்கமான ட்ரிப்பிள் ஏயின் சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளை 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2011 முதல் 2014 வரையிலான நான்கு ஆண்டுகளில் சாலையில் கிடந்த அல்லது பறந்த பொருட்கள் காரணமாக இந்த நாட்டில் 2,00,000க்கும் மேற்பட்ட விபத்துகள். ஏறத்தாழ 39,000 பேருக்குக் காயம். 500க்கும் மேற்பட்டோர் மரணம். அந்த விபத்துகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, சரியாகக் கட்டாத சுமையாலும் பராமரிக்காத வண்டியிலிருந்து கழன்ற பாகங்களாலும் நேர்ந்தவை. 2004 பிப்ரவரியில் வாஷிங்டன் மாநிலத்து நெடுஞ்சாலையில், ஒரு வாடகை ட்ரெய்லரிலிருந்து பறந்த மரப்பலகை பின்னால் வந்த இளம்பெண்ணின் காருக்குள் பாய்ந்தது. அவர் உயிர் பிழைத்தார், பார்வை திரும்பவில்லை. அவருடைய தாயார் விடாமல் போராடியதன் பயனாக 2005இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. கட்டாத சுமையால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் அது வெறும் அபராதத்தோடு போகாமல் குற்றவியல் வழக்காகும். மகளின் பெயராலேயே அதை மரியாவின் சட்டம் என்கிறார்கள். ஜூன் 6ஆம் நாளைச் சுமை கட்டும் விழிப்புணர்வு நாளாகப் பல மாநிலங்களில் நினைவுகூர்கிறார்கள். அந்தப் பலகையைக் கட்டாமல் விட்டவரும் அன்று காலை என்னைப் போலவே, இந்தக் கனம் போதும் என்று எண்ணியிருக்கக்கூடும்.

மூடி ஏன் பறந்தது என்பது எனக்குத் தெரியாததல்ல. குவிந்த முதுகும் தட்டையான அடியுமுள்ள தகடு மணிக்கு 65 மைல் காற்றில் இறக்கைபோல மேலெழும். அலுவலகத்தில் காற்றுச் சோதனைக் கூடத்தில் இதற்காகவே சம்பளம் வாங்குகிறவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். என் பாட்டனார் பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாதவர். தூத்துக்குடித் தோணிகளில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகும் சரக்குக்குக் கணக்கெழுதியவர். கனத்த மூட்டை கடலுக்குப் போகாது, கூடையும் தட்டியும்தான் முதலில் போகும் என்பார்கள். அது போதுமானதாக இருந்திருக்கிறது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பது பற்றிய நபிமொழியை எனக்கு நினைவூட்டாத நண்பர் அந்த மாதத்தில் ஒருவரும் இல்லை. அதை நான் மறந்திருக்கவில்லை. கட்டத்தான் செய்தேன். தேக்சாவைக் கட்டினேன், மூடிக்குத் தவக்குல் வைத்தேன்.

சரி, பதிவுக்கு வருகிறேன். டல்லஸ் சகோதரர் தம் பழைய பதிவுச் சீட்டில் கையொப்பமிட்டு, இன்னாருக்கு இலவசமாகக் கொடுத்தேன் என்று எழுதி அஞ்சலில் அனுப்பினார். மிச்சிகனில் வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் பெயர் 'செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்'. நாட்டின் வெளியுறவு அமைச்சருக்கும் அதே பெயர்தான். இந்த ஊருக்கு வந்த புதிதில், ஓட்டுநர் உரிமத்துக்கு அவரையா பார்க்க வேண்டும் என்று நான் திகைத்ததுண்டு. போவதற்கு முன் வண்டியின் அடையாள எண்ணைப் பார்க்க வேண்டும். கார்களுக்குப்போலவே 17 இலக்கம். ட்ரெய்லரின் முன்கழுத்தில், காரோடு சேரும் இரும்புச் சட்டத்தின் பக்கவாட்டில் இருக்கும். துருவும் பெயிண்டும் மூடியிருந்தது. கம்பித் தூரிகையால் தேய்த்துத்தான் படிக்க முடிந்தது. சீட்டிலுள்ள எண்ணோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டேன். அல்ஹம்துலில்லாஹ், பொருந்தியது. பழைய ட்ரெய்லரை வாங்குகிறவர்கள், பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

ஆனால் யாருடைய பெயரில் பதிவது? காவல் அதிகாரி கேட்ட கேள்வி அப்படியே நின்றது. தராவீஹுக்குப் பிறகு ஒரு வீட்டில் கூடிப் பேசினோம். பள்ளிவாசல் பெயரில் பதியலாம் என்றார் ஒருவர். தாங்கள் பார்க்காத, ஓட்டாத வண்டிக்குத் தாங்கள் எப்படிப் பொறுப்பேற்பது என்று நிர்வாகத்தினர் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. நான்கு பேர் பெயரில் பதியலாம் என்றார் இன்னொருவர். பொறுப்பை நான்காகப் பிரித்தால் பொறுப்பு எவரிடமும் தங்காது என்பதை இரண்டு ஆண்டுகளாகப் பார்த்துவிட்டோம். ஓட்டியவன் நான், விட்டவன் நான், என் பெயரிலேயே இருக்கட்டும் என்றேன். எல்லாரும் சரி என்று எழுந்துகொள்ளும் நேரத்தில், கீழக்கரையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், மகன் வீட்டுக்கு வந்திருப்பவர், "தம்பி, நீங்கள் மவுத்தாகிவிட்டால்?" என்று கேட்டார்.

யாருக்கும் பதில் தோன்றவில்லை. அவரே சொன்னார். "உங்கள் பெயரில் இருப்பது உங்கள் சொத்து. உங்கள் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு பிரியும். அவர்கள் அறியாமல் அல்லாஹ்வுக்காகக் கொடுத்ததைப் பிரித்துக்கொள்வார்கள். அந்தப் பாவம் அவர்களுக்கா, எழுதிவைக்காத உங்களுக்கா?"

இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. நம்மில் பலரிடம் இப்படிப்பட்ட பொருட்கள் உண்டு. மதரஸாவுக்காக வாங்கிய ஒலிபெருக்கி ஒருவர் வீட்டு நிலவறையில் கிடக்கும். ஜனாஸாச் செலவுக்கான தொகை ஒருவருடைய சொந்த வங்கிக்கணக்கில் இருக்கும். எல்லாம் நம்பிக்கையின்மேல் நடக்கிறது. நம்பிக்கை நல்லதுதான், ஆனால் நம்பப்பட்டவர் போய்விட்டால் அது அவருடைய வாரிசுகளுக்குத் தெரியாத செய்தி. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது. வணக்க வழிபாட்டைப் பற்றியதல்ல அது. தவணைக் கடனை எழுதிவைப்பது, எழுதுபவர், சாட்சிகள், தொகை சிறிதாயினும் சலிக்காமல் எழுதுவது ஆகியவற்றைப் பற்றியது. எழுதிவைக்க வேண்டியது ஏதேனும் உள்ளவர், வஸிய்யத் எழுதாமல் இரண்டு இரவுகளைக் கழிக்கக் கூடாது என்னும் நபிமொழியும் நாம் அறிந்ததே. நான் இரண்டு ஆண்டுகளைக் கழித்திருந்தேன்.

இமாமிடம் போனோம். அவர் எடுத்த எடுப்பில் தீர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை. கொடுத்தவர் என்ன நாடிக் கொடுத்தார் என்று அவரிடமே கேளுங்கள் என்றார். டல்லஸுக்கு அழைத்துக் கேட்டோம். கஞ்சிக்கும் ஜமாஅத் வேலைக்கும்தான் என்றார். இதில் ஒரு சங்கடம் இருந்தது. வீடு மாறுகிறவர்கள் சோபாவும் கட்டிலும் ஏற்ற இந்த ட்ரெய்லரைக் கேட்டு வாங்கிப் போவது வழக்கமாகிவிட்டிருந்தது. அதையும் கேட்டோம். "வீடு மாறுகிறவனுக்கு உதவுவது நன்மைதானே காக்கா, கொடுங்கள். முஸ்லிமல்லாத அண்டைவீட்டாருக்கும் கொடுங்கள்" என்றார். அதையும் எழுதிக்கொண்டோம். ஒரு பக்கத் தாள்: இந்த அடையாள எண்ணுள்ள ட்ரெய்லர் என் பெயரில் பதியப்பட்டிருந்தாலும் என் சொத்தன்று, இன்னாரால் இன்ன நோக்கத்துக்குக் கொடுக்கப்பட்டது, எனக்குப் பின் இன்னாரிடம் சேர வேண்டும். இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்டார்கள். அதன் படியை என் வஸிய்யத்தோடு வைத்து, என் மனைவியிடமும் மகனிடமும் காட்டிவிட்டேன். புதிய பிளேட் வாங்கி மாட்டிய அன்று, பழையதைக் கழற்றும்போது திருகாணி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அரைமணி நேரம் ஆயிற்று.

பதிவு முடிந்த கையோடு, அதுவரை ஒருமுறையும் செய்யாததைச் செய்தேன். ட்ரெய்லரை முழுமையாகச் சோதித்தேன். அப்போது கண்டதை நினைத்தால் மூடி பறந்தது சிறு விஷயமாகத் தோன்றுகிறது. காரின் பின்னால் இருக்கும் இரும்புக் குண்டின்மேல் ட்ரெய்லரின் கப்ளர், அதாவது குண்டைக் கவ்விப் பிடிக்கும் வாய், கவிழ்ந்து உட்காரும். கப்ளரின்மேல் அதற்குரிய குண்டின் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். எங்களுடையதில் 2 அங்குலம் என்று இருந்தது. என் காரில் இருந்த குண்டோ 1⅞ அங்குலம். வித்தியாசம் எட்டில் ஓர் அங்குலம். கண்ணுக்குத் தெரியாது. தாழ்ப்பாள் விழும், பூட்டிக்கொண்டதுபோலவே இருக்கும். ஆனால் பெரிய பள்ளத்தில் எகிறினால் கப்ளர் குண்டைவிட்டுக் கழன்றுவிடும். இரண்டு ஆண்டுகள் அது கழலாமல் இருந்தது என் திறமையால் அன்று.

இப்போது, தாழ்ப்பாளைப் போட்டபின் ஜாக்கியால் ட்ரெய்லரின் கழுத்தைச் சற்று உயர்த்திப் பார்க்கிறோம். காரின் பின்பகுதியும் கூடவே எழும்பினால் பிடிப்புச் சரி. கப்ளர் மட்டும் எழும்பினால் அந்தப் பயணம் இல்லை. இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளையும் கழுத்துக்கு அடியில் ஒன்றையொன்று குறுக்கிட மாட்டுகிறோம். கப்ளர் கழன்றாலும் கழுத்து தரையில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலியில் தொட்டில்போல விழும். நிறுத்துவதற்கு நேரம் கிடைக்கும். முன்பு நான் இரண்டையும் நேராக, தரையில் உரசும்படித் தொங்கவிட்டிருந்தேன்.

சுமையை எங்கே வைப்பது என்பது கட்டுவதற்கும் முந்திய விஷயம். மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு காரின் குண்டின்மேல் அழுந்த வேண்டும் என்பது பொதுவான கணக்கு. எல்லாக் கனத்தையும் கதவோரமாகப் பின்னால் வைத்தால் கழுத்து இலேசாகி, வேகம் எடுத்ததும் ட்ரெய்லர் பாம்புபோல நெளியும். அந்த நெளிவு தொடங்கியபின் ஓட்டுநர் கையில் அதிகம் இல்லை. ஆகவே தேக்சாக்களும் எரிவாயு உருளையும் அச்சுக்குச் சற்று முன்னால், நாற்காலிகள் பின்னால். நைலான் கயிற்றைத் தூக்கிப்போட்டுவிட்டோம். அது நீளும், முடிச்சு இளகும். ராட்செட் பட்டைகள் வாங்கினோம். பட்டையின் சீட்டில் இரண்டு எண்கள் இருக்கும். பெரிய எழுத்தில் இருப்பது அது அறுந்துபோகும் எடை. நாம் நம்ப வேண்டியது சிறிய எழுத்தில் உள்ளது; பெரும்பாலும் அதில் மூன்றில் ஒரு பங்கு. கடைக்காரர்கள் ஏன் மற்றதைப் பெரிதாக அச்சிடுகிறார்கள் என்பது உங்களுக்கே விளங்கும். மூடிகளைத் தலைகீழாகத் தேக்சாவுக்குள்ளேயே இறக்கி, எல்லாவற்றின்மேலும் ஒரு வலையைப் போர்த்தி நான்கு மூலையிலும் கொக்கி போடுகிறோம்.

விளக்குகளுக்கு நான்கே கம்பிகள்தாம். வெள்ளைக் கம்பி துருப்பிடித்தால் மற்ற மூன்றும் பைத்தியம் பிடித்ததுபோல நடந்துகொள்ளும். பழுது அநேகமாக அங்கேதான் இருக்கும். சக்கரத்துக் காற்றையும், அச்சுத் தாங்கிகளின் கிரீஸையும் ஷஅபான் மாதத்திலேயே பார்த்துவிடுகிறோம்.

டல்லஸ் சகோதரர் கேட்ட முதல் கேள்வியும் என்னை விடவில்லை. உண்மையிலேயே திருடு போயிருந்தால்? எங்கள் கையில் ஒரு தாளும் இல்லை, எண் தெரியாது, படம்கூடக் கிடையாது. இது எங்களுடையது என்று காவல் நிலையத்தில் எதைக் காட்டிச் சொல்லியிருப்போம்? ட்ரெய்லரைத் திருடுவதற்குச் சாவி வேண்டியதில்லை; ஒரு குண்டுள்ள கார் போதும். இப்போது கப்ளருக்கு ஒரு பூட்டு, சக்கரத்துக்கு ஒரு பூட்டு. அடையாள எண்ணின் படம் மூவர் தொலைபேசியில் இருக்கிறது. யார், எந்த நாளில், எதற்கு எடுத்துப் போகிறார், அவர் காரின் குண்டு எந்த அளவு என்பதை எழுத ஒரு குறிப்பேடும் உண்டு. தொடக்கத்தில் சிலர், நமக்குள்ளே என்ன கணக்கு என்று முகம் சுளித்தார்கள். அவர்களில் ஒருவருடைய காரில் 1⅞ அங்குலக் குண்டைக் கண்டுபிடித்தபிறகு பேச்சுக் குறைந்தது.

குடியுரிமை நேர்காணலில் அந்தச் சகோதரர், கேட்கப்பட்ட கேள்விக்கு நடந்ததை நடந்தபடியே சொன்னார். சத்தியப்பிரமாணம் எடுத்த அன்று எனக்குப் படம் அனுப்பினார். இடையிலிருந்த ஆறு வாரங்கள் அவர் சரியாகத் தூங்கவில்லை என்பதை அவருடைய மனைவி என் மனைவியிடம் சொல்லித்தான் அறிந்தேன். நான் மன்னிப்புக் கேட்டபோது, "மாஃப் செய்துவிட்டேன் காக்கா, அந்த மூடிக்குப் பதில் புது மூடி வாங்கினீர்களா?" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

சென்ற ரமளானில் என் பதினைந்து வயது மகன் என்னோடு வந்தான். ஏற்றி முடித்ததும் அவன் ஒரு பக்கம் சுற்றிவருவான், நான் மறுபக்கம். புறப்பட்டு நான்கைந்து மைலில், நெடுஞ்சாலை ஏறுவதற்கு முன் இருக்கும் எரிபொருள் நிலையத்தில் ஒருமுறை நிறுத்துவோம். குலுங்கியபின் சுமை சற்று இறங்கும், பட்டை தளரும். மறுபடி இறுக்க வேண்டும். மழையும் குளிருமாக இருந்த ஒரு மாலை. நோன்பு திறக்க இன்னும் அரைமணி நேரம்தான். நான் மட்டும் இறங்கிப் பார்த்துவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தேன்.

"வாப்பா, மூடி?"

"உள்ளே இருக்கிறது."

"பார்த்தீர்களா?"

வலை ஈரமாக இருந்தது, அதை நீக்கிப் பார்க்கவில்லை. மீண்டும் இறங்கினேன்.